நோய் முதலில் பிடித்த கம்ப்யூட்டர்

கலோ லொவாய்சா இனிமையான மனுஷர் என்று நான் சொல்லமாட்டேன். பதினாலு வருஷம் அவருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவள் நான். காலையில் வணக்கம் சொன்னால், பதில் வணக்கம் வருவதற்குள் நாம் நம் நாற்காலிக்கே போய்ச் சேர்ந்திருப்போம். யாருடைய கம்ப்யூட்டரைத் தொட்டாலும் முதலில் கீபோர்டைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். உதிர்கிற ரொட்டித் தூளைப் பார்ப்பார். அப்புறம் நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே மச்சாலாவில் எங்கள் வாழைப்பழக் கம்பெனி ஆபீஸில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

பக்கத்து ஊரான சாந்தா ரோசாவில் பிறந்தவர் கலோ. இன்ஜினியரிங் மூன்று வருஷம் படித்தார், அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு இன்டர்நெட் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரை எங்கள் முதலாளி எஃப்ரேன்தான் கூட்டி வந்தார். எங்கள் ஊரில் கம்ப்யூட்டரின் மூடியைத் திறக்கத் தெரிந்தவன் எல்லாம் இன்ஜினியர்தான். அவரையும் அப்படியே கூப்பிட்டோம். "நான் இன்ஜினியர் இல்லீங்க" என்று ஒரு வருஷம் எல்லாரையும் திருத்திப் பார்த்தார். பிறகு வாய் வலித்துப்போய் விட்டுவிட்டார்.

காலையில் பச்சை வாழைக்காயை மசித்து முட்டையும் சீஸும் போட்டுக் கிளறிய தீக்ரீயோ ஒரு தட்டு, கடுங்காப்பி ஒன்று, அதே கடை, அதே ஸ்டூல். கையில் எப்போதும் ஒரு நூறு பக்கப் பள்ளிக்கூட நோட்டு இருக்கும். எந்த மெஷினில் என்ன கோளாறு வந்தாலும் மணியைப் போட்டு எழுதிவிடுவார். என்னைப் பற்றி எழுதியிருந்ததை ஒருநாள் எட்டிப் பார்த்தேன்: "9.12. மெர்சி. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றார். காகிதம் வைக்கவில்லை." ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு தோட்டத்தில் தார் சுமந்து மேலே வந்தவர். படிப்பு கிடையாது, ஆனால் வாழை இலையைத் தொட்டுப் பார்த்தே மண்ணுக்கு என்ன குறை என்று சொல்வார். அவருக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், வேரைத் தின்கிற வாடல் நோய். தோட்டத்துக்குள் கால் வைப்பவர் மந்திரியே ஆனாலும் வாசலில் இருக்கும் மருந்துத் தொட்டியில் பூட்ஸை முக்கித்தான் ஆகவேண்டும். ஒரு செடி வாடினால் கேள்வி கேட்பது கிடையாது. அந்தச் செடியையும் சுற்றி இருப்பதையும் அன்றைக்கே வெட்டி, நின்ற இடத்திலேயே எரித்துவிட வேண்டும். அப்படி எரித்துத்தான் பிழைத்தோம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் பேசுவார். நாங்களும் முதல்முறை கேட்பவர்கள் மாதிரித் தலையாட்டுவோம்.

அவருடைய மருமகன் பாத்ரிசியோதான் மேனேஜர். அவனைப் பற்றி மரியாதையாக எழுத எனக்குக் கை வரவில்லை. வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வருவான். போகிற வழியில் இருப்பவர் தோளையெல்லாம் தட்டிக்கொண்டே போவான்.

போன டிசம்பர் முப்பதாம் தேதி காலை எட்டு நாற்பது. கீழ்த்தளத்தில் நார்சிசா லேபிள் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் எந்தத் தோட்டத்துப் பழம், என்றைக்கு வெட்டியது என்று ஒரு லேபிள் ஒட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பதினேழு வருஷமாக அந்த வேலை அவளுடையது. அன்றைக்குத் தோட்டப் பட்டியல் திறக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாற ஆரம்பித்தன. வேறு யாராக இருந்தாலும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் சத்தம் போடாமல் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்திருப்பேன். அவள் கலோவுக்குப் போன் செய்தாள். "இன்ஜினியர், நான் எதையும் தொடல. கைய எடுத்துட்டு உக்காந்திருக்கேன். பேரெல்லாம் தானா மாறுது, சீக்கிரம் வாங்க."

கலோ ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, எல்லா அறைக்கும் போகும் கேபிள்களைக் கொத்தாகப் பிடித்து உருவினார். மொத்த ஆபீஸும் ஊமையாகிப்போனது. பிறகு ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று ஒன்றையே சொன்னார்: "யாரும் மெஷின ஆஃப் பண்ணாதீங்க. வயர மட்டும் உருவிட்டு எந்திரிச்சு வாங்க. ஆஃப் பண்ணினா அது என்ன செஞ்சுட்டிருந்துச்சுன்னு தெரியாமப் போயிடும்."

மறுநாள் கப்பல் புவெர்தோ பொலிவார் துறைமுகத்திலிருந்து கிளம்ப வேண்டும். கப்பல் காகிதங்கள் என் பொறுப்பு. முதலாளி மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார். கலோ பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்பெனிக் கணக்கு, பட்டியல் எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார். கம்பெனியையே தூக்கிக்கொண்டு போகிறார் என்று அதற்காகவும் அவரைக் கேலி செய்தவர்கள் நாங்கள். நெட்டில் சேர்க்காத ஒரு பழைய லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்து, அதில் சனிக்கிழமைப் பட்டியலை ஏற்றினார். அதற்குப் பிறகு வந்த பெட்டிகளைத் தோட்டத்திலிருந்து வந்த கைச்சீட்டைப் பார்த்து நார்சிசா படிக்கப் படிக்க நான் அடித்தேன். இரண்டரை மணிக்குக் காகிதங்கள் துறைமுகத்துக்குப் போய்விட்டன. ஒரு பெட்டிகூட நிற்கவில்லை. கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை, அதற்குக் காரணம் இரண்டே பேர். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன் என்று எழுதத்தான் ஆசை. அது பொய்.

நாங்கள் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கலோ மெஷின் மெஷினாகப் போனார். இருபத்து மூன்றில் ஆறில் நோய் இருந்தது. ஒவ்வொன்றிலும் அது எப்போது உள்ளே வந்தது, எங்கிருந்து வந்தது என்று பார்த்து, நோட்டில் எழுதி, பின்னோக்கிப் போனார். நார்சிசாவின் மெஷினில் அது வெளியே தலை காட்டியது, அவ்வளவுதான். அடி தேடிப் போனால் பாத்ரிசியோவின் அறை. டிசம்பர் பத்தொன்பது, மாலை 5.48: வைரஸ் காவலைக் கையால் அணைத்திருக்கிறார்கள். 5.52: வீட்டுப் பிளான் வரைகிற ஒரு புரோகிராம் ஏறியிருக்கிறது. திருட்டுப் பிரதி, பூட்டை உடைக்கிற சாவியும் கூடவே. கம்பளிப் பூச்சி மாதிரி அந்தச் சாவிக்குள்தான் அது சுருண்டு கிடந்திருக்கிறது. மருமகன் ஹம்பெலித் தீவில் கடலைப் பார்க்க வீடு கட்டுகிறான், எந்த ஜன்னல் எங்கே வரும் என்று பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாதவனா? வாங்குவது கேவலம் என்று நினைக்கிறவன்.

அவன் பாஸ்வேர்டு ஆபீஸின் எல்லா மெஷினையும் திறக்கும். அப்படிக் கொடுக்கக் கூடாது என்று கலோ மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். "என் மருமகனுக்கே பூட்டா?" என்று முதலாளி கேட்டுவிட்டார். ஆகவே அந்தச் சனியன் பதினோரு நாள் அந்தப் பாஸ்வேர்டோடு எல்லா அறைக்கும் போய், சாவகாசமாக எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறது.

இதையெல்லாம் கலோ என்னிடம்தான் முதலில் சொன்னார். நோட்டையும் காட்டினார். மேனேஜர் மெஷினுக்குள் இருக்கும் டிஸ்க்கை யாரும் தொடுவதற்கு முன்னால் அப்படியே ஒரு பிரதி எடுத்தாக வேண்டும், புது டிஸ்க் வாங்கி வர வேண்டும் என்றார். பிறகு நேரே முதலாளியிடம் போனார். என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பாத்ரிசியோவும் உட்கார்ந்திருந்தான். சூது தெரிந்த யாரும் அவன் எதிரில் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். கலோவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நோய் முதலில் பிடித்தது மேனேஜருடைய மெஷினில்தான் என்று சொல்லிவிட்டார்.

முதலாளியின் காதில் விழுந்தது ஒரு வார்த்தைதான். "முதல்ல பிடிச்சது அதுவா? அப்புறம் ஏன்யா அத இன்னும் வெச்சுப் பாத்துட்டிருக்க? வெட்டி எரி."

கலோ பொறுமையாக எடுத்துச் சொன்னார். செடி வேறு, மெஷின் வேறு. வயரை உருவியாயிற்று, இனி அது யாருக்கும் ஒட்டாது. எப்படி வந்தது, என்ன என்ன எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். முதலாளி தலையை ஆட்டினார், ஆனால் அவர் கண்ணில் வாடின செடி நிற்பது எனக்கே தெரிந்தது. பாத்ரிசியோ அதை என்னைவிட வேகமாகப் பார்த்துவிட்டான். "மாமா சொல்றதுதான் சரி. கம்பெனிக்காக என் மெஷின் போனாப் போகட்டும்" என்றான். தியாகி. அதே மூச்சில், நார்சிசா பென் டிரைவில் கிறிஸ்துமஸ் பாட்டுக் கொண்டுவந்து கேட்பாள், அதில்தான் வந்திருக்கும், முதலில் பார்த்தவள் அவள் என்றால் கொண்டுவந்தவளும் அவள்தானே என்றும் சொன்னான். அறை முழுக்க அவன் வாசனைத் திரவியம்.

அவளை விட்டுவிடக் கூடாது, வருஷம் பிறந்ததும் அவள் வேலையை முடியுங்கள் என்றார் முதலாளி. குற்றம் சாட்டி நீக்கினால் பதினேழு வருஷத்துக்கும் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகள். கலோ அன்றைக்கு முதல்முறையாக முதலாளியிடம் குரலை உயர்த்தினார். "சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க. அந்த டிஸ்க்க வெச்சே யாருன்னு காட்டறேன். அவ இல்ல." சரி, போய் வாங்கி வா என்றார் முதலாளி. கலோ 3.10க்குக் கிளம்பினார்.

வருஷக் கடைசியில் பழைய வருஷத்தைப் பொம்மையாகச் செய்து எரிப்பது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பது. ஆபீஸ் மட்டும் முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்கே, லாரி நிற்கும் முற்றத்தில் எரித்துவிடும். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவரைக் கேலிக்குப் பிடிப்போம். இந்த வருஷம் கலோ. மரத்தூள் அடைத்த உடம்பு, காகிதக்கூழ் முகம், மூக்குக் கண்ணாடி, கையில் நோட்டு, கழுத்தில் கேபிள் மாலை. சட்டை என் புருஷனுடைய பழைய சட்டை. நான்தான் கொடுத்தேன்.

3.20க்கு நான் என் அறை வாசலில் நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். எதிர் அறையில் பாத்ரிசியோ மண்டி போட்டு, ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தன் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு ஸ்க்ரூவைக்கூட ஒழுங்காகத் திருகத் தெரியாதவன், அன்றைக்கு என்ன வேகம். டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். நின்றான். "மாமா எரிக்கச் சொல்லிட்டாரு, நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றான். நான் "ம்" என்றேன். அவன் கீழே இறங்கிப் போய், பொம்மையின் சட்டையைத் தூக்கி, வயிற்று மரத்தூளுக்குள் அதைச் செருகினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நாலு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. பொம்மை சாவதற்கு முன்னால் உயில் படிக்க வேண்டும், அதுவும் வழக்கம்தான். பாத்ரிசியோவே படித்தான். என் மூக்குக் கண்ணாடியை முதலாளிக்கு எழுதிவைக்கிறேன், என் நோட்டை மெர்சிக்கு எழுதிவைக்கிறேன், பென் டிரைவை நார்சிசாவுக்கு எழுதிவைக்கிறேன், பாட்டுக் கேட்கட்டும். எல்லாரும் சிரித்தார்கள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் எங்கள் கப்பலைக் காப்பாற்றியவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நார்சிசாவுக்கு ஒன்றும் புரியவில்லை, கேலிதானே என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள். பெட்ரோல் ஊற்றினார்கள். முதலாளி தன் கையால் பற்றவைத்தார். நோய் ஒழிந்தது என்று அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கலோ பிளாஸ்டிக் பையோடு கேட்டுக்குள் வந்தபோது அவருடைய முகமே எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து அரைச் சிரிப்புச் சிரித்தார். கோபித்துக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காக இருக்கலாம். மேலே போனார், மூடி திறந்து கிடந்த மேனேஜர் மெஷினைப் பார்த்திருப்பார். ஒரு நிமிஷத்தில் இறங்கி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துப் பொம்மையின் வயிற்றைக் கிளறினார். உள்ளே அடைத்திருந்த பட்டாசுகள் அவர் காலடியில் வெடித்தன. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தன்னைத் தானே குத்திக்கொள்கிறார் பாருங்கள் என்று ஒருவன் போனில் படம் எடுத்தான். கடைசியில் கருகி வளைந்த ஒரு தகடு வெளியே வந்தது. கலோ அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டைத் திறந்து மணியை எழுதினார்.

நான் ஒரு சாதாரண ஆபீஸ் பொம்பளை. அடிதடி, கொலை எதையும் நேரில் பார்த்தவள் இல்லை. நான் பார்த்ததிலேயே அருவருப்பான காட்சி அதுதான்.

முற்றம் காலியான பிறகு என் அறைக்கு வந்தார். என் வாசலிலிருந்து பார்த்தால் மேனேஜர் அறை தெரியும் என்பது அவருக்குத் தெரியும். யார் எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"என் பொண்ணு குவெங்கால பல் டாக்டருக்குப் படிக்கறா. பாதிச் செலவு கம்பெனி குடுக்குது. உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "சரி. மணிய மட்டும் சொல்லுங்க, உங்க பேரு வராது. எங்கயும் வராது" என்றார். சொன்னேன். "3.20. மேனேஜர் டிஸ்க்கைக் கழற்றினார். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பார்த்தார்." என் கண் முன்னால்தான் எழுதினார்.

ஜனவரி கடைசியில், நார்சிசாவை நீக்குவது பற்றித் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை. கம்பெனி சாட்சிகளின் வரிசையில் மூன்றாவது நாற்காலி எனக்கு. மெஷின்கள் நின்றதால் கப்பல் காகிதம் தாமதமானது என்று மட்டும் நான் சொல்ல வேண்டும். சொன்னேன். கலோ நார்சிசாவுக்காக வந்திருந்தார், யாரும் கூப்பிடாமல். நோட்டைப் பிரித்து பத்தொன்பதாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை வரி வரியாக விளக்கினார். கம்பெனி வக்கீல் இரண்டே கேள்வி கேட்டான். நீங்கள் இன்ஜினியரா? இல்லை. நீங்கள் சொல்கிற டிஸ்க் எங்கே? எரிந்துவிட்டது. நோட்டில் யாரும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அந்த அதிகாரி அம்மாள் மோசமானவர் இல்லை. நோட்டை வாங்கித் தானே படித்தார். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பேர் சொல்ல விரும்பாதவர் யாரு? இந்த அறையில இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றார் கலோ.

"அவங்க ஒரு வார்த்தை சொன்னா இந்தப் பொண்ணு வேலை போகாது. உங்களுக்குப் புரியுதா?"

கலோ அதிகாரி கையில் இருந்த நோட்டையே பார்த்தார். என் பக்கம் திரும்பாமல் இருக்க அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று எனக்குத் தெரிந்தது. "பேர சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன், மேடம். அவங்களா சொன்னாத்தான்" என்றார்.

நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. எழுந்திருக்கப் போகிறேன் என்றுகூட நினைத்தேன். முழங்காலில் கையை வைத்தேன். பொண்ணுக்கு இன்னும் நாலு செமஸ்டர் இருந்தது. கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நார்சிசாதான் பேசினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். "விடுங்க மேடம். அவங்களுக்கும் வீட்டுல யாராவது இருப்பாங்க."

கலோ சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு. நார்சிசா வேலை போனது. அதே வாரம் கலோ ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். போகிற அன்றைக்கும் இருபத்து மூன்று மெஷினையும் சுத்தம் செய்து, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். இப்போது ஊர்ப் பக்கத்தில் ஒரு இறால் பண்ணையில் தண்ணீர் அளக்கிற கருவிகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி. அவர் போவதற்கு முன்னால் என் அறை வாசலில் நின்று வணக்கம் சொன்னார். எனக்கு முந்தி அவர் வணக்கம் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் குனிந்து கப்பல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் பாத்ரிசியோ என் மேஜைக்கு வந்தான். புது மெஷின் வந்திருக்கிறது, பழையதைவிட வேகம், உங்களுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன் என்றான். பிறகு குனிந்து, என் தோளைத் தட்டி, அந்த வாசனை என் மூக்கில் ஏற, "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும் மெர்சி, இந்தக் கம்பெனி எங்கயோ போயிடும்" என்றான்.

நான் நன்றி சொன்னேன்.